பழைய மனையா, புதிய மனையா?

மின் சிக்கன வீடு என்னும் பேச்சு இப்பொழுது நம் ஒழுங்கைகளிலும் அடிபடுகின்றது. யாழ்ப்பாணத்திலே, என் பாட்டனார் கட்டிய நாற்சார் வீட்டில் வாழ்ந்துவரும் எனக்கும் என் துணைவியாருக்கும், அத்தகைய புதுமனை ஒன்றை வாங்கும் வாய்ப்பு அண்மையில் வந்தது. போவதா, இருப்பதா என்று மூன்று மாதம் ஆலோசித்தோம். அப்பொழுது நாம் கற்றவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

குளிர் நாடுகளில் சிக்கன வீடு என்பது, உள்ளேயுள்ள வெப்பம் வெளியேறாதபடி இறுக அடைத்த வீடு. 1991ஆம் ஆண்டு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எழுந்த முதலாவது 'பாசிவ்ஹவுஸ்' அவ்வகையினது. நமக்கு வேண்டுவதோ இதற்கு மறுதலை. வெயில் உள்ளே வரலாகாது, காற்று வரவேண்டும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், ஆகஸ்ட் மாத இறுதியிலும் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கின்றது. எனவே வெப்பத்தின் பெரும்பகுதி கூரை வழியே இறங்குகின்றது. காலையிலும் மாலையிலும் கிழக்கு மேற்குச் சுவர்கள் வழியே புகுகின்றது. இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவர்கள் வைத்த நடுமுற்றம் சூடேறிய காற்றை மேலே போக விட்டது. தாழ்ந்த விறாந்தைக் கூரை சுவருக்கு நிழல் தந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா கொழும்பிலே ஈனா டி சில்வாவுக்கு அமைத்த இல்லமும் முற்றத்தையே நடுவாகக் கொண்டது.

புதுமனையை நாம் காலைக் குளிர்ச்சியிலே பார்க்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் போனோம். மேற்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்தேன், சுட்டது. அந்த அறைக்கெனக் குளிரூட்டி ஒன்று பூட்டியிருந்தார்கள். சிறிய குளிரூட்டியும் ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும்; சாதாரண மின்விசிறி 75 வாட்டோடு அமையும். நிழல் செய்யவேண்டிய வேலையைப் பொறியிடம் ஒப்படைப்பது சிக்கனமாகாது.

கூரையிலே சூரிய மின்தகடுகள் இருந்தன. "மின்வெட்டின்போது இவை வேலை செய்யுமா?" என்று வினவினேன். விற்பவர் தயங்கினார். காரணம் இதுதான்: மின்கலம் இல்லாது பொது மின்வலையோடு இணைத்த தகடுகள், மின்சாரம் தடைப்பட்டதும் தாமும் நின்றுவிடும். கம்பியிலே வேலை செய்வோரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்த நமக்கு, இது கேட்கவேண்டிய கேள்வியன்றோ?

இவற்றையெல்லாம் எண்ணி, பழைய மனையிலேயே இருப்போம் என்றேன். 60 வாட் குமிழ்களை எடுத்துவிட்டு 9 வாட் எல்.ஈ.டி. விளக்குகளைப் பூட்டினால், ஏறக்குறைய அதே வெளிச்சம் கிடைக்குமே என்றும் கணக்குக் காட்டினேன்.

என் துணைவியார் பொறுமையாகக் கேட்டிருந்தார். பின்னர், "நீங்கள் சொல்லும் குளிர்ச்சி விறாந்தையில் இருக்கிறது. நான் நாற்பது வருஷமாக நிற்பது அடுப்படியில். அங்கே முற்றமும் இல்லை, காற்றும் இல்லை, புகைதான் இருக்கிறது. இரவிலே மலசலகூடத்துக்குப் போக ஏழு படி இறங்கவேண்டும். என் முழங்காலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது" என்றார்.

நான் வாயடைத்துப்போனேன். வீட்டை அளந்த நான், அவர் நின்ற இடத்தை அளக்கவில்லை.

ஈற்றில் புதுமனைக்கே செல்வதென முடிவாயிற்று. ஆனால் மேற்குச் சுவருக்குச் சார்ப்பு இறக்கி, அதன் முன்னே வேம்பும் நட்டபின்னரே குடிபுகுவோம். தகடுகளோடு மின்கலம் ஒன்றும் சேரும். அதன் விலையைக் கேட்ட விலையிலே கழித்துக்கொண்டோம். பழைய மனையை இடிக்கமாட்டோம். சூளையில் வெந்த ஓடும் செங்கல்லும் உண்ட விறகு ஏற்கெனவே எரிந்துபோனது. அதனை வீணாக்குவது சிக்கனமன்று. தம்பியின் மகன் அங்கே குடியிருப்பான். அடுப்படிச் சுவரிலே பெரிய சாளரம் ஒன்று திறப்பதாக அவன் வாக்களித்திருக்கிறான்.

நேயர்களே, உங்களுக்கும் இத்தகைய முடிவு வருமாயின், பிற்பகலிலே போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மின்வெட்டைப் பற்றிக் கேளுங்கள். அவற்றுக்கு முன்னதாக, அடுப்படியில் நிற்பவரைக் கேளுங்கள்.