ரிப்போர்ட்ல 'அப்நார்மல்'னு போட்டிருந்தா?

கொஞ்ச நாள் முன்னாடி ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். கூடவே ஒரு பி.டி.எஃப். "டாக்டர், ரிப்போர்ட்ல அப்நார்மல்னு போட்டிருக்கு. கூகுள் பண்ணிப் பார்த்தேன். என் கை கால் எல்லாம் செயலிழந்து போயிடுமா?"

அனுப்பினவங்களுக்கு வயசு 27. நாள் முழுக்க லேப்டாப்ல வேலை. மூணு மாசமா ராத்திரி விரல் மரத்துப்போய் முழிப்பு வந்துடும், கையை உதறினாத்தான் சரியாகும். அதுக்காக நான்தான் நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். ஆனால் எதைத் தேடுறோம்னு விளக்கவே இல்லை. அந்த ராத்திரி அவங்க தூங்காததுக்கு நானும் ஒரு காரணம். அதனால, அவங்க அனுமதியோட, அந்த ரிப்போர்ட்டை இன்னைக்கு உங்களோட சேர்ந்து படிக்கிறேன்.

இந்தப் பரிசோதனையில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது என்.சி.எஸ். தோல் மேல சின்னதா ஒரு ஷாக் கொடுத்து, சிக்னல் நரம்புல எவ்வளவு வேகமா போகுது, எவ்வளவு பலமா போய்ச் சேருதுன்னு அளப்போம். இரண்டாவது ஈ.எம்.ஜி. மெல்லிய ஊசியைத் தசைக்குள்ள வைத்து, அங்கே உண்டாகும் மின்சாரத்தைத் திரையில் பார்ப்போம், ஸ்பீக்கர்ல கேட்போம். நல்ல தசை ஓய்வில் இருந்தால் சத்தமே போடாது.

நரம்பை ஒரு வயர் மாதிரி நினைச்சுக்கோங்க. உள்ளே கம்பிகள், அதுதான் ஆக்சான். மேலே உறை, அதுதான் மயலின். உறை கெட்டால் வேகம் குறையும். கம்பி அறுந்தால் அலையின் உயரம் குறையும். ரிப்போர்ட்ல 'வெலாசிட்டி', 'லேட்டன்சி' ரெண்டும் வேகத்தைச் சொல்லும். 'ஆம்ப்ளிட்யூட்' உயரத்தைச் சொல்லும். பெரியவங்களுக்குக் கையில் வேகம் பொதுவா நொடிக்கு 50 மீட்டர் பக்கத்திலோ அதுக்கு மேலயோ இருக்கும், காலில் 40க்கு மேல. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

ஆனா எண் மட்டும் போதாது. எந்த இடத்தில் மாறியிருக்குன்னு பார்க்கணும். அவங்களுக்கு மீடியன் நரம்பு மணிக்கட்டைக் கடக்கிற இடத்தில் மட்டும் தாமதம். முன்கையில் வேகம் சரி. சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு சரி. அலையின் உயரம் சரி. ஊசிப் பரிசோதனையும் சரி. ரோடு முழுக்க நல்லா இருக்கு, ஒரு சப்வேல மட்டும் டிராஃபிக். இதுதான் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். கம்பி அறுபடலை, உறை நசுங்குது. ராத்திரியில் மணிக்கட்டை நேரா வைக்கிற ஸ்ப்லின்ட், கூடவே சர்க்கரை, தைராய்டு டெஸ்ட். சிகிச்சை அங்கிருந்துதான் ஆரம்பம். கண்டுக்காம விட்டால் கட்டைவிரல் அடித்தசை மெலிஞ்சுபோகும், அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுசா வராமல் போகலாம். பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

இன்னும் சில விஷயங்கள். ஏ.சி. ரூம்ல கை ஜில்லுன்னு இருந்தாலே வேகம் குறைவாகக் காட்டும், ஒரு டிகிரி குறைஞ்சா நொடிக்கு சுமார் 2 மீட்டர். அதனாலதான் கையைச் சூடாக்கிட்டு டெஸ்ட் செய்வோம். அதே மாதிரி, நரம்பு அடிபட்ட மறுநாளே ஊசிப் பரிசோதனை செய்தால் பெரிசா ஒண்ணும் தெரியாமல் போகலாம். தசையில் அந்த மாற்றங்கள் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். 'நார்மல்'னு வந்தாலும் எரிச்சல் பொய்யாகிவிடாது. இந்த டெஸ்ட் பெரிய நரம்பு இழைகளைத்தான் அளக்கும், வலியைக் கொண்டுபோற மிகச் சிறிய இழைகள் இதில் சிக்காது.

ஜிம் போறவங்களுக்கு ஒண்ணு. சி.கே. என்கிற தசை நொதி, கடுமையான ஒர்க்அவுட்டுக்கு அப்புறம் ஆயிரக்கணக்கில் ஏறலாம். டெஸ்ட்டுக்கு முன்னாடி எப்போ ஜிம் போனீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆனால் தாங்க முடியாத தசைவலியோட சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்னைக்கே ஆஸ்பத்திரி. கிட்னி பாதிக்கும்.

அவங்களோட கடைசிக் கேள்வி: "என் கண்ணிமை துடிக்குதே டாக்டர்?" பலவீனம் இல்லாமல், தசை மெலியாமல், ஈ.எம்.ஜி.யும் சரியா இருந்தால், துடிப்பு பெரும்பாலும் தூக்கக் குறைவும் காபியும்தான்.

நிஜமா ஓட வேண்டிய நேரம் வேற. சில நாட்களுக்குள் கால்ல ஆரம்பித்து மேலே ஏறும் பலவீனம், மூச்சு வாங்குறது, விழுங்க முடியாமை, திடீர்னு சிறுநீர் அடக்க முடியாமை. இதுக்கெல்லாம் ரிப்போர்ட் வரும்னு காத்திருக்காதீங்க. நேரா எமர்ஜென்சி.

மத்தபடி, ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டாக்டர்கிட்ட மூணே மூணு கேள்வி. பாதிப்பு எங்கே? உறையா, கம்பியா? என் அறிகுறியோட இது பொருந்துதா? டெஸ்ட்டுக்கு எழுதும்போதே இதை நோயாளிகிட்ட நானே சொல்லிடறேன் இப்போ.

அவங்க? ஸ்ப்லின்ட் போட்டு ஆறு வாரம் ஆச்சு. ராத்திரி மெசேஜ் வர்றதில்லை. தூங்குறாங்க போல. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.