அடுப்படிக் கதைகளைத் தேடிய ஆசிரியர்



1929இல் மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜனின் இல்லத்தில் மும்மொழிகள் புழங்கின. சமையலறையில் பாட்டி கதை சொன்ன மொழி தமிழ்; மாடியில் கணிதப் பேராசிரியரான தந்தையின் மொழி ஆங்கிலம்; தெருவின் மொழி கன்னடம். மகாராஜா கல்லூரியில் பயின்ற அவர், 1950களில் பெல்காமில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியபோது கன்னட வாய்மொழிக் கதைகளைத் தொகுக்கலானார். பெண்கள் அடுப்படியில் சொன்ன கதைகளையும் இலக்கியமாகவே மதித்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான பின்னரும் அப்பணி தொடர்ந்தது. 1993இல் மறைந்தார்.

மறைந்த பின்னரும் மதவாதிகள் அவரை விட்டுவைக்கவில்லை. 'முந்நூறு ராமாயணங்கள்' என்னும் அவரது கட்டுரை, வால்மீகிக்கும் கம்பனுக்கும் அருகில், தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட கன்னடப் பாடகர் ஒருவரின் கதையையும் வைத்தது. அக்கதையில் ராவணனே கருவுற்று, தும்மலில் சீதையை ஈன்றெடுக்கிறான். 'சீதா' என்னும் சொல்லுக்குக் கன்னடத்தில் 'தும்மினான்' என்றும் பொருளுண்டு. இக்கட்டுரையைப் பாடமாக வைத்ததற்காக 2008இல் டெல்லிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை ஏபிவிபியினரால் தாக்கப்பட்டது. ஆய்வுக்குழுவின் நால்வரில் மூவர் ஆதரித்தும், 2011இல் கட்டுரை நீக்கப்பட்டது.

ஒரே மதம், ஒரே பண்பாடு என்போருக்கு, ஒடுக்கப்பட்டோரின் நாவில் வாழும் மற்றொரு கதை அச்சமூட்டுகிறது. பாடத்திட்டத்திலிருந்து ஒரு கட்டுரையை நீக்கலாம்; மக்களின் நினைவிலிருந்து கதைகளை நீக்க இயலாது. ஆனால் முதியோர் மறையும்போது அவையும் மறையக்கூடும். எனவே, நம் கிளைகள் இயங்கும் ஊர்களில் அக்கதைகளைக் கேட்போம், எழுதி வைப்போம். அதுவும் பண்பாட்டுக் களத்தில் நமது கடமையே.