அவையின் வினாவும் வணிகரின் விடையும்

(ஆறுமுகநேரியில் இளம் வணிகரிடையே ஆற்றிய உரை)

 

நம் தொழிலைப் பற்றி அவையினர்முன் விளக்கிப் பேசுவதைக் காட்டிலும், பேசி முடித்தபின் எழும் வினாக்களுக்கு விடை கூறுவதே கடினம். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இதே கடற்கரையில், தூத்துக்குடியில், 1906 அக்டோபர் 16 அன்று வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடி–கொழும்பு கடல்வழியில் ஆங்கிலேயக் கம்பெனி கோலோச்சிய காலம் அது.

பங்கு வாங்க வந்தவர் மனத்தில் எழக்கூடிய முதல் வினா, "உங்கள் கப்பல் எங்கே?" என்பதே. தொடக்கத்தில் கம்பெனி வாடகைக் கப்பலையே நம்பியிருந்தது. எதிர்த்தரப்பின் நெருக்குதலால் அதுவும் கைவிட்டுப் போயிற்று. அந்நிலையில் சொல்லால் மட்டும் யாரையும் நம்பவைக்க முடியாது. வ. உ. சி. பம்பாய்க்குச் சென்று முயன்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. வினாவுக்கு விடை துறைமுகத்தில் வந்து நின்றது.

இரண்டாம் வினா இதனினும் கடியது: "எதிரி கட்டணத்தைக் குறைத்தால் எத்தனை நாள் தாங்குவீர்?" ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது, இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1908 மார்ச்சில் வ. உ. சி. சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அரசின் அடக்குமுறை அதற்குப் பெருங்காரணம். அவர்தம் தியாகத்தை எவரும் குறைத்துரைக்க இயலாது. எனினும் பிறர் சேமிப்பைக் கேட்டு நிற்கும் நாம், இத்தகைய வினாவை நம்மிடம் ஒருவர் கேட்குமுன் நாமே கேட்டுக் கணக்கிட்டு வைத்தல் கடமை. அதைக் கேட்பவர் பகைவர் அல்லர். தம் குடும்பத்தின் பணத்தைக் காக்க நினைப்பவர்.

ஆகவே, வினா எழும்போது இடைமறியாமல் இறுதிவரை கேளுங்கள். "தாங்கள் கேட்பது இதுதானே?" என்று ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அப்போதே அது வெளிப்படும். விடையை எண்ணிப் பார்க்க நமக்கும் சிறிது நேரம் கிட்டும். பிறகு கேட்டவருக்கு மட்டுமன்றி அவை முழுமைக்கும் சுருக்கமாக விடை சொல்லுங்கள். சொல்லில் சினம் இருந்தால், சினத்தை விட்டு அதனுள் இருக்கும் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். வெளியூர் வணிகர் ஒருவர், "உங்கள் உப்பில் அயோடின் நிற்பதில்லை என்கிறார்களே!" என்று அவையில் கேட்கிறார். "யார் சொன்னது?" என்று சீறினால் வாணிகம் அங்கேயே முடிந்தது. சட்டப்படி கடையில் நுகர்வோர் வாங்குமிடத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருத்தல் வேண்டும். ஈரமும் வெயிலும் பட்டால் அது குறையும் என்பது உண்மையே. அவ்வுண்மையை முதலில் ஒப்புக்கொண்டு, மூட்டை கட்டும் முறையை விளக்கி, ஆய்வக அறிக்கையைக் கையில் கொடுத்தால், ஐயமே நமக்கு வாய்ப்பாக மாறும்.

விடை தெரியாத வினாவும் வரும். அப்போது ஊகித்துச் சொல்லாதீர்கள். "வரும் திங்கட்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறேன்" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். சொன்ன நாளில் அனுப்புங்கள். அவையில் ஒருவர் ஒருமுறை சொன்ன பொய்யை, ஊர் பல்லாண்டு நினைவில் வைத்திருக்கும்.

கேள்வி கேட்பாரற்ற கூட்டம் நமக்கு இசைந்துவிட்டதென்று மகிழ வேண்டா. கேளாமல் எழுந்து செல்பவர் திரும்பி வருவது அரிது. கேட்பவரோ நம்மோடு வணிகம் செய்ய இன்னும் மனம் உடையவர். அவரை மதித்து விடை கூறுவோமாக.