படத்துக்குப் பரிசு வேண்டாம்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் எங்கள் தோட்டக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசும் மேடையில் பிள்ளைகள் படம் வரைவதைப் பற்றிப் பேச எங்களை விட்டிருக்கிறார்கள். பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. முதன்முதல் இதைக் கேள்விப்பட்டபோது நாங்களும் அப்படித்தான் சிரித்தோம்.

பிரதேச செயலகத்திலிருந்து ஒரு உளவளத்துணை உத்தியோகத்தர் எங்கள் தோட்டத்துக்கு வரத் தொடங்கியதும் இது ஆரம்பமானது. அந்தத் தங்கச்சி மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்கள் நான்கு பேர் பிள்ளைகளோடு இருப்போம். நான்கு பேரும் கொழுந்தெடுப்பவர்கள்தான். இடம் பிள்ளைக்காம்பரா. ஞாயிற்றுக்கிழமை அது பூட்டித்தான் கிடக்கும். ஆனாலும் சாவி கேட்டால், "படம் வரையுறதுக்கெல்லாம் சாவி தர ஏலாது" என்றார்கள். இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். லேபர் டேயில் எங்கள் தலைவர் அதை எழுத்தில் வைத்த பிறகே சாவி கைக்கு வந்தது.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சிறுவர் தினம் வந்தது. பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் சுவரில் ஒட்டி, முதலாம் பரிசு, இரண்டாம் பரிசு என்று கொடுத்தோம். மலை, சூரியன், அருவி வரைந்த பிள்ளைகளுக்குப் பரிசு கிடைத்தது. ஒரு பிள்ளை வெள்ளைத் தாளில் ஒரு வேனை வரைந்து, அதன் மேல் கறுப்பு பேஸ்டலால் தாள் கிழியுமட்டும் தேய்த்திருந்தது. "ஏம்மா இப்பிடி அசிங்கமாக்கி வச்சிருக்க?" என்று எங்களில் ஒருவரே கேட்டுவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் அந்தப் பிள்ளை வரவில்லை.

உத்தியோகத்தர் வந்ததும் நடந்ததைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடம் இருக்கிறது, அங்கே புள்ளி போடட்டும், இங்கே புள்ளி இல்லை, பரிசு இல்லை, சுவரில் ஒட்டுவதும் இல்லை என்றார். படம் பிள்ளையின் சொத்து. அது விரும்பினால் காட்டும், விரும்பாவிட்டால் மடித்து வைத்துக்கொள்ளும். "இது என்ன?" என்று கேட்காமல் "படத்தைப் பத்திச் சொல்றியா?" என்று மட்டும் கேட்கப் பழக்கினார். பதில் வராவிட்டால் சும்மா பக்கத்தில் இருக்க வேண்டும். இது லேசான வேலையில்லை. மலையில் நாள் முழுக்கக் கை ஓடிக்கொண்டே இருக்கும் எங்களுக்கு, கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

அந்தப் பிள்ளையை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வந்தோம். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் சொல்கிறோம். தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போயிருக்கிறார். பிள்ளை பாட்டியோடு இருக்கிறது. ஒவ்வொரு கிழமையும் அதே வேன், அதே கறுப்பு. பிறகு ஒரு நாள், யாரும் கேட்காமலே, தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "வேன் வந்தப்ப நா தூங்கிட்டேன்."

தாய் விடியற்காலையில் புறப்பட்டிருக்கிறார். பிள்ளை அழும் என்று யாரும் எழுப்பவில்லை. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை இரவில் தூங்குவதில்லை. தூங்கினால் வீட்டிலிருந்து இன்னும் யாராவது போய்விடுவார்கள் என்ற பயம். பாட்டி பாவம், காத்து கருப்பு என்று நினைத்து இரண்டு தரம் நூல் கட்டியிருக்கிறார். விஷயம் தெரிந்த பிறகு தாயே தொலைபேசியில் மகளிடம், "ஒன்ன எழுப்பாமப் போனது என் தப்புதான் சாமி" என்று சொன்னார். பிள்ளை முழுக்கத் தேறிவிட்டது என்று சொல்லமாட்டோம். இப்போதும் சில இரவுகளில் எழும்பி உட்கார்ந்திருக்குமாம். ஆனால் பாட்டியை எழுப்பிச் சொல்கிறது.

இந்த முறைக்கு "ஆர்ட் தெரபி" என்று பெயர் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். அவர் காசநோய் விடுதியில் படுத்திருந்த காலத்தில் படுக்கையிலிருந்தே வரைந்து, தன் மனம் இலேசாவதைக் கண்டார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 1942இல் இந்தப் பெயரைச் சொன்னார். எங்கள் நாட்டிலும் இது புதிதல்ல. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. பால் ஹோகன் என்ற கனேடியக் கலைஞரும், உளவளத்துணையில் தேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகமும் வேறு சிலரும் சேர்ந்து செய்த வேலை அது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். கண்ணால் கண்டதை வாயால் சொல்லு என்று அங்கே யாரும் பிள்ளைகளை நெருக்கவில்லை.

நமக்கு அழத் தெரியாது என்றில்லை. செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கிறோம். காமன் கூத்தில் ரதி அழும்போது சனமே சேர்ந்து அழுகிறது. ஆனால் பிள்ளைகளுக்கு ஒப்பாரி கிடையாது. "சின்னப் புள்ளைக்கு என்னா தெரியும், அங்கிட்டுப் போயி வெளையாடு" என்று விரட்டிவிடுகிறோம். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு, மழை பெரிதாகப் பெய்யும் இரவில் எங்கள் லயத்துப் பிள்ளைகளும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன பயம் என்று நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்?

பெரியவர்களுக்கு இது சரிவருமா என்று கேட்கிறீர்கள். தாய்மாரிடம் பென்சிலைக் கொடுத்தோம். "கறை புடிச்ச கைக்கு இதெல்லாம் வராது" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அப்போது உத்தியோகத்தர் சிலி நாட்டுக் கதை சொன்னார். 1973இல் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்து, தொழிற்சங்கக்காரர்களையும் மற்றவர்களையும் பிடித்துக்கொண்டு போனது. பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் கத்தோலிக்கத் திருச்சபை கொடுத்த இடத்தில் கூடி, சாக்குத் துணியில் பழந்துணித் துண்டுகளைத் தைத்துப் படம் செய்தார்கள். காணாமல் போனவர்களின் உடுப்பிலிருந்தும் துண்டு வெட்டித் தைத்தார்கள். அந்தப் படங்களுக்கு ஆர்பியேரா என்று பெயர். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே சாக்குத் துணிதான். அவை வெளிநாடுகளில் விலைபோயின. வீட்டில் அடுப்பு எரிந்தது, நாட்டில் நடப்பது உலகத்துக்கும் தெரிந்தது.

சாக்கு என்றதும் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இடுப்பில் படங்கு கட்டி வேலை செய்தவர்களுக்குச் சாக்கைப் பற்றிச் சொல்லித்தரவா வேண்டும்! ஊசியும் நூலும் வந்தது. ஒரு அக்காவின் மகன் கொழும்பில் கடை வேலைக்குப் போய் இறந்துவிட்டான். நாலு வருஷமாகப் பெட்டியில் இருந்த அவனுடைய நீலச் சட்டையைக் கொண்டுவந்து, ஒரு துண்டு வெட்டி, லயத்து இஸ்தோப்பில் ஒரு பையன் நிற்பதாகத் தைத்தார். தைத்து முடிக்குமட்டும் அவனைப் பற்றியே பேசினார். அதுவரை அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. படத்தைப் பார்த்து "இந்தப் பிள்ளைக்கு இதுதான் நோய்" என்று யாரும் குறி சொல்லக் கூடாது. கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்பதெல்லாம் வெறும் பேச்சு. சில நேரம் மற்ற கலர் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு பிள்ளையை யாராவது தொட்டுத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரியவந்தாலோ, பெரியவரோ சின்னவரோ "செத்துப் போறேன்" என்று சொன்னாலோ, படம் வரைய வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு, உத்தியோகத்தரிடம் கொண்டுபோங்கள். ஆளைத் தனியாக விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள்.

இங்கேதான் சங்கத்திடம் எங்கள் கோரிக்கை வருகிறது. இந்தத் தங்கச்சி வருவதற்கு முன் நாங்கள் உதவி கேட்டுப் போன இடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர்கூட இல்லை. மனதில் உள்ளதை, வெளியில் நின்ற கடைக்காரப் பையனை வைத்தா மொழிபெயர்ப்பது? 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தோட்டப் பகுதிகளுக்குத் தமிழ் பேசும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் வேண்டும் என்று சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். பிள்ளைக்காம்பராவை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து தர வேண்டும் என்பதை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் லேபர் டேயில் வைக்க வேண்டும். கடனும் குடியும் ஒழுகும் கூரையும் தரும் வேதனையைப் பேஸ்டல் தீர்க்காது. அந்தப் போராட்டம் அதன்பாட்டில் நடக்கட்டும்.

தொடங்க நினைப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வாருங்கள். பெரிய செலவில்லை. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும், களிமண் ஆற்றோரம் கிடக்கிறது. பேஸ்டல் பெட்டியில் எப்போதும் கறுப்புத்தான் முதலில் தீர்கிறது. அதை மட்டும் தனியாக விற்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.