தூணில்லாத மண்டபம்



தசரா நாட்களில் ஊரிலிருந்து உறவினர் வந்தால், மைசூர் அரண்மனையின் விளக்கொளியைக் காட்ட நாமே முன்னின்று அழைத்துச் செல்கிறோம். ஆனால், அதே நகரில் மரங்கள் சூழ நிற்கும் அரசினர் மாளிகையின் வாயிலில் நாம் ஒரு கணமேனும் நின்றதுண்டா? அதன் வரலாற்றில் நமக்கும் ஓர் உறவு உண்டு.

1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். ஐந்து வயது நிரம்பாத சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை ஆங்கிலேயக் கும்பெனியார் அரியணையில் அமர்த்தினர். மைசூர் அரசைக் கண்காணிக்க ரெசிடெண்டு என்னும் அதிகாரியையும் நியமித்தனர். அவருக்கென எழுந்ததே இம்மாளிகை. 1805-ஆம் ஆண்டு வாக்கில், மார்க் வில்க்ஸ் ரெசிடெண்டாக இருந்தபோது வேலை தொடங்கியது. தென்னிந்திய வரலாற்றை மூன்று பாகங்களாக எழுதிய வில்க்ஸ் இவரே.

இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் நாட்டுப்புறத்தில், பரந்த தோட்டத்தின் நடுவே மாளிகை எழுப்பி, முகப்பில் கிரேக்கக் கோயிலைப் போலத் தூண்களை நிறுத்துவது அந்நாள் வழக்கம். அவ்வழக்கமே மைசூருக்கும் வந்தது. இம்மாளிகையின் முகப்பு டாரிக் என்னும் பாணியைச் சேர்ந்தது. அப்பாணியின் தூண்களில் பூவேலையோ உருவச் சிற்பமோ இராது. பருமனும் அளவின் ஒழுங்குமே அவற்றின் அழகு.

பின்புறத்து விருந்து மண்டபமோ நடுவில் ஒரு தூணுமின்றி விரிந்தது. தென்னிந்தியாவில் தூணில்லாத பெருங்கூடங்களுள் ஒன்றெனப் பெயர் பெற்றது. அதனை அமைத்தவர் சென்னைப் படையின் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்டு. இவர் செங்கல்லால் நூறடிக்கு மேல் அகலமுள்ள வளைவு கட்ட முடியும் என்றபோது மற்றவர் ஐயுற்றனர். வாதம் செய்வானேன் என்று, 1808-இல் சீரங்கப்பட்டணத்தில் ஒரு வளைவைக் கட்டியே காட்டினார்!

இதே மனிதரின் கைவண்ணத்தை நம்மில் பலர் சென்னையில் கண்டிருக்கிறோம். 1821-இல் முடிந்த எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயம் இவர் வகுத்ததே. அங்கே மண் இளகியது. எனவே நம் நாட்டார் ஆற்றங்கரையில் உறைகிணறு இறக்கும் முறையையே அடித்தளத்துக்குக் கைக்கொண்டார். கிரேக்கத்துத் தூணும் தமிழகத்துக் கிணறும் ஒரே கட்டடத்தில் கூடின.

சீரங்கப்பட்டணத்து வளைவு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் நின்று, 1930-களில் சரிந்தது. மைசூரிலேயே லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012-இல் இடிந்து நான்கு உயிர்களைக் கொண்டது. 2016-இல் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதியும் வீழ்ந்தது. பாரம்பரியக் கட்டடங்கள் என்ற பெருமை அவற்றைத் தாங்கவில்லை. அரசு விருந்தினர் தங்கும் இல்லமாகப் பயன்பட்டு வந்ததால், அரசினர் மாளிகைக்கு ஆள் நடமாட்டமும் கவனிப்பும் இருந்தன.

பழஞ்சுவரைக் காப்பது பெரிய வித்தையன்று. கூரையில் முளைக்கும் அரசஞ்செடியை அன்றே களைய வேண்டும். மழைநீர் தேங்காமல் வழிவிட வேண்டும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க வேண்டும். சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும்.

பிழைக்க வந்த ஊர்தானே, அதன் பழஞ்சுவரைப் பற்றி நமக்கென்ன என்று நாம் எண்ணலாகாது. நம் பிள்ளைகளுக்கு இதுவே பிறந்த ஊர். அடுத்த முறை உறவினர் வரும்போது, அரண்மனையைக் காட்டிய பின் இம்மாளிகையின் வாயிலுக்கும் அழைத்துச் செல்வோம்; எழும்பூர் ஆலயத்தின் கதையை அங்கே நின்று சொல்வோம்.