குருமடத்து வாசம்



பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடூல்சீமை என்று மலை மலையாய்ப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களிலே, பத்தடிக்குப் பன்னிரண்டடியான தொழிலாளர் லயக் காம்பிரா ஒன்றில் பிறந்து, அடுப்புப் புகையும் தொட்டிற் பிள்ளையின் அழுகையும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும் அயல்வீட்டுப் பேச்சும் கலந்த அச்சிற்றிடத்திலேயே பாடம் படித்து வளர்ந்த ஓர் இளைஞன், தேவ ஊழியத்துக்குத் தன்னை அர்ப்பணிக்க விரும்பிக் குருமடத்து வாசலில் வந்து நிற்கும்போது, அவன் அடையும் முதற் பாக்கியம் யாது என்று கேட்டால், அவனுக்கென்று ஒரு மேசையும், அம்மேசையைச் சூழ்ந்த நிசப்தமும் கிடைப்பதே என்று நான் சொல்வேன். அந்த நிசப்தத்தின் அருமை, அது இல்லாத இடத்தில் வளர்ந்தவனுக்கே முழுமையாக விளங்கும்.

வார இறுதி வகுப்புகளாலும் தபால்வழிப் பாடங்களாலும் வேதசாஸ்திரம் கற்பிக்கும் ஏற்பாடுகள் பெருகியிருக்கும் காலத்தில், வீட்டை விட்டு வந்து குருமடத்திலேயே ஆண்டுக்கணக்காக வசிப்பது அவசியந்தானா என்ற வினா எழுவது இயல்பே. ஆயினும் கூடி வாழ்ந்து கற்கும் இவ்வழக்கத்தைத் திருச்சபை நெடுங்காலமாகவே போற்றி வந்துள்ளது. 1563ஆம் ஆண்டில் திரிதெந்துப் பொதுச்சங்கம், குருக்களாக வரவேண்டிய இளைஞரை மறைமாவட்டந்தோறும் ஒரே கூரையின் கீழ் வைத்து வளர்க்க வேண்டுமென்று விதித்தது. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் கண்டியில் நிறுவிய குருமடம், இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் வந்த மாணவரை நம் மலையிலே ஒன்றாய் வாழவைத்து, 1955இல் புனே நகருக்குப் பெயர்ந்தது. கண்டியை அடுத்த அம்பிட்டியவிலே அது இருந்த இடத்தில் இன்று இலங்கையின் தேசிய குருமடம் நடைபெறுகிறது. சீர்திருத்த சபைகளைச் சேர்ந்தோரும் 1963இல் பிலிமத்தலாவையில் இறையியற் கல்லூரியொன்றைக் கூட்டாக அமைத்து, தமிழிலும் சிங்களத்திலும் போதனை நடத்தி, இரு மொழியினரும் ஒரே வளவில் வசிக்க வழிசெய்தனர்.

பிலிமத்தலாவையின் அந்த ஏற்பாட்டை நான் மிகவும் போற்றுகிறேன். தோட்டத்துப் பிள்ளை தமிழ்ப் பாடசாலையில் படிக்கிறான். கிராமத்துப் பிள்ளை சிங்களப் பாடசாலையில் படிக்கிறான். ஒரே மலையின் மேலும் கீழுமாக வாழ்ந்தும், சந்தையிலும் பஸ்ஸிலும் அன்றி இருவரும் சந்திப்பது அரிது. அவ்விருவரும் காலையில் ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே ஜெபாலயத்தில் முழந்தாளிட்டு, ஒரே பந்தியில் சோறுண்டு, பாத்திரம் கழுவும் முறை யாருடையதென்று வாதாடி, அன்றிரவே சமாதானமும் செய்துகொண்டு பல மாதங்களைக் கழிக்கும்போது பழக்கத்தினால் படியும் பாஷையும் பரஸ்பர நம்பிக்கையும், வகுப்புக்கு மட்டும் வந்து போகிறவனுக்கு எங்ஙனம் வாய்க்கும்? இனக்கலவரங்களின் காயங்கள் ஆறாத இந்நாட்டில், மற்ற மொழிக்காரனின் துயரத்தை அவன் வாய்மொழியிலேயே கேட்டறிந்த குருவானவர் ஒருவர் பதுளையை உள்ளடக்கிய நம் ஊவா மாகாணத்துக்குக் கிடைப்பது சாமானியமான காரியமன்று.

ஆசிரியரின் சகவாசம் குருமடத்து வாசத்தின் இன்னொரு நன்மை. பாடவேளையில் அவரது வித்துவத்தைக் காண்கிறோம். நோயுற்ற மாணவனின் கட்டிலருகே அவர் அமர்ந்திருப்பதையும், சமையற்காரரிடம் அவர் பேசும் தோரணையையும், தாம் கோபித்த மறுநாள் அவர் நடந்துகொள்ளும் விதத்தையும் உடன் வாழ்கிறவனே காண்பான். பறித்த கொழுந்து இரவு முழுவதும் வாட்டும் தட்டிலே கிடந்து ஈரம் வற்றிய பின்னரே அரைக்கும் யந்திரத்துக்குப் போவதுபோல, இத்தகைய சுபாவங்களும் நாட்பட நாட்பட ஒருவனுள் சுவறிய பிறகே அவனது குருத்துவம் பக்குவமடைகிறது. நம் முன்னோரின் குருகுல வாசமும், பௌத்த பிரிவேனாக்களின் வழக்கமும் இந்த உண்மையை உணர்ந்தவையே.

ஆனால் குருமடத்து மதில் உயர்ந்துவிடுமாயின் இவ்வளவு நன்மையும் விபரீதமாய் முடியக்கூடும். லயத்திலிருந்து சென்ற பிள்ளை, ஆண்டுகள் பல கழித்துத் திரும்பி வரும்போது, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தின் அவசரத்தையும், நிறுவையில் குறைந்துபோன கொழுந்துக்காக ஒரு தாய் படும் மனவேதனையையும் மறந்தவனாய் வருவானேயானால், அவன் பெற்ற நிசப்தம் யாருக்குப் பயன்பட்டது?

இந்த அபாயத்தை உணர்ந்தவர் ஆயர் லியோ நாணயக்கார. ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான அவர், கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக இருந்து, 1972இல் பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, வசதி மிக்க கண்டியை விட்டு, ஏழை ஊவாவுக்கே ஆயராக வந்தார். பண்டாரவளையில் அவர் நிறுவிய ‘சேவக செவண’ என்னும் பயிற்சி இல்லத்திலே மாணவர் கூடி வாழ்ந்தனர்; கூடிப் பிரார்த்தித்தனர்; எனினும் சுற்றியிருந்த கிராமங்களும் தோட்டங்களும் அவர்களுடைய படிப்பின் பகுதியாகவே கருதப்பட்டன. அம்பிட்டியவில் நெடுங்காலம் போதித்தவரும், உரோமையிலும் பாரிஸிலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்றவருமான அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ அவ்வில்லத்திலே ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் அதனையும் விட்டிறங்கி, புத்தலவை அடுத்த அலுகல்விட்ட என்னும் பௌத்த கிராமத்திலே ஒரு சிறு குடிசையில் வாழத் தலைப்பட்டார். 1987 நவம்பர் 10ஆம் திகதி, அங்கே திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் வாழக் கிடைத்தவர்கள் பெற்ற கல்வியை எந்தத் தபால்வழிப் பாடம் தரவல்லது?

ஆகையால், மகனைக் குருமடத்துக்கு அனுப்பத் தயங்கும் தோட்டத்துப் பெற்றோரிடம் நான் ஒன்று வேண்டுவேன். கைக்கு உதவியாயிருந்த பிள்ளையையும் அவன் கொண்டுவரும் நாட்சம்பளத்தையும் இழப்பது எத்தகைய தியாகமென்பதை நான் அறிவேன்; ஆயினும் அனுப்புங்கள். பங்குச் சபையினரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு: விடுமுறைக்கு அவன் வரும்போது பங்கு மனையில் அவனுக்கு அறை ஒதுக்காமல், லயத்திலேயே அவனைத் தங்க விடுங்கள்; விடியற்காலையில் பிரட்டுக்குப் போகிறவர்களோடு அவனும் எழுந்து நடக்கட்டும்.