100 மீட்டர், 17 விநாடி
(நடைப்பயிற்சிக் குழுவின் மாதக் கூட்டத்தில், குழுப் பொறுப்பாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



போன மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த ஓட்டத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். அன்று வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்கள் காதில் பலவிதமாக விழுந்திருக்கும். அதனால் முழுவதையும் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

எல்லாம் ஒரு கைப்பேசிக் காணொளியில் ஆரம்பித்தது. 2018இல் அமெரிக்காவின் சிகாகோ மாரத்தானை ஒட்டி நடந்த கண்காட்சியில் ஒரு பெரிய டிரெட்மில்லை வைத்திருந்தார்கள். கென்யா நாட்டு வீரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் ஓடும் வேகத்தில் அது சுழலும். விருப்பப்பட்டவர்கள் ஏறி ஓடிப் பார்க்கலாம். ஏறியவர்கள் நம்மைப் போல வீட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள் அல்லர். பலர் மாரத்தான் ஓட வந்தவர்கள். அவர்களே கொஞ்ச நேரத்தில் தடுமாறி விழுவதைப் பார்த்து நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நாமும் செய்து பார்ப்போமே" என்றார் ஒருவர். நாங்களும் சரி என்று தலையாட்டினோம்.

கணக்கு இதுதான். மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னா நகரத்துப் பூங்காச் சாலையில் கிப்சோகே அதை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். முன்னும் பின்னும் 41 வீரர்கள் முறைவைத்துக் கூடவே ஓடினார்கள். வேகம் குறையாமலிருக்க முன்னால் சென்ற வண்டி சாலையில் ஒளிக்கோடு காட்டியது. அதனால் அது உலக சாதனையாகக் கணக்கில் வரவில்லை. முறையான பந்தயத்தில் 2023இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் ஓடினார். அடுத்த பிப்ரவரியிலேயே அந்த இளைஞர் சாலை விபத்தில் இறந்துபோனார். இருவரின் ஓட்டத்தையும் நம் மைதானத்துக்குச் சுருக்கினால், 100 மீட்டருக்குச் சுமார் 17 விநாடி. கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. அதை நிற்காமல் 422 முறை செய்யவேண்டும் என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

சுபுஹு தொழுகை முடிந்து மைதானத்துக்குப் போய்ச் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டோம். முதல் 100 மீட்டரைப் பையன்கள் பலரும் 17 விநாடிக்குள் ஓடிவிட்டார்கள். ஒரே ஆரவாரம். 200 மீட்டரை 34 விநாடியில் என்றதும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். 400 மீட்டரை 68 விநாடியில் ஓட ஒரே ஒரு பிள்ளைதான் துணிந்தான். தினமும் கால்பந்து ஆடுகிற பிளஸ் டூ மாணவன். 74 விநாடியில் முடித்துவிட்டுக் குழாயடியில் போய் வாந்தி எடுத்தான்.

அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. "அத்தாமார்களும் ஓடுங்கள்" என்று பிள்ளைகள் கூப்பிட, நாற்பது வயதைக் கடந்த சிலரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களில் ஒரு சகோதரர், பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், மகன் முன்னால் பின்வாங்க வெட்கப்பட்டு 200 மீட்டரையும் முழு மூச்சில் ஓடினார். ஓடி முடித்ததும் மதில் ஓரம் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. கேட்டதற்கு "வாயுதான், சரியாகிவிடும்" என்றார். அவருடைய மகன்தான் பிடிவாதமாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். இசிஜியில் கோளாறு தெரிந்தது. இரத்தக் குழாயில் அடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறார். அவர் சம்மதம் கேட்டுத்தான் இதை இங்கே சொல்கிறோம்.

தவறு அவருடையது அல்ல, எங்களுடையது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இரத்த அழுத்தம் என்று ஓடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடம்பைச் சூடாக்க ஐந்து நிமிடம் நடக்கக்கூட விடவில்லை. பழக்கமில்லாத உடம்பு திடீரென்று முழு வேகத்தில் ஓடும்போது மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. தினமும் உடற்பயிற்சி செய்பவர்களைவிட உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு அது பல மடங்கு அதிகம். மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதுதான். எங்களுக்கும் தெரிந்ததுதான்.

அந்த வேகம் கிப்சோகேவுக்கு எங்கிருந்து வந்தது என்றும் நாங்கள் யோசித்திருக்கவேண்டும். அவர் 5000 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனது 2003இல். முதல் மாரத்தான் ஓடியது 2013இல். வியன்னா ஓட்டம் 2019இல். இடையில் வாரத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் என்று வருடக்கணக்கான பயிற்சி. அதில் பெரும்பகுதி மெதுவான ஓட்டம் என்பதுதான் நம்மில் பலருக்கும் தெரியாத செய்தி. உலகத்தரத்து நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர்கள், ஐந்தில் நான்கு பங்கு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்தான் நடக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அந்த நான்கு பங்கைக் கைப்பேசியில் யாரும் அனுப்புவதில்லை.

சிஃபான் ஹசனை நம் பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். எத்தியோப்பியாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடுபவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வாங்கிவிட்டு, கடைசி நாளில் மாரத்தானை 2 மணி 22 நிமிடம் 55 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஹிஜாப் அணிந்து மேடையேறிப் பதக்கம் வாங்கிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் எங்களுக்கு அதைவிடப் பிடித்தது 2023இல் லண்டனில் அவர் ஓடிய முதல் மாரத்தான். வலி வந்ததும் நடுவழியில் நின்று, காலை நீட்டி மடக்கித் தசையை இளக்கினார். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கவலைப்படாமல் சரிசெய்துகொண்டு, பிறகு ஓடி அந்தப் பந்தயத்தையே வென்றார். உலகமே பார்க்கும்போது அவருக்கு நிற்க வெட்கமில்லை. நம் மைதானத்தில் இருபது பேர் பார்த்ததற்கு நமக்கு வெட்கம் வந்துவிட்டது.

இனி மைதானத்தில் வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கவேண்டும். பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, இவற்றில் எது வந்தாலும் வாயு என்று சொல்லாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி சரியாகத் தெரியாமலே மாரடைப்பு வரலாம். இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்; நடக்கும்போது சர்க்கரை இறங்கிவிடக்கூடும்.

சகோதரிகள் கேட்டது நியாயம். காலையில் மைதானம் முழுக்க ஆண்கள். அவர்கள் எங்கே நடப்பது? பள்ளி நிர்வாகத்திடம் பேசியிருக்கிறோம். செவ்வாய், வியாழன், சனி அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிபுக்குக் கால் மணி நேரம் முன்புவரை மைதானம் பெண்களுக்கு மட்டும். வாசல் சாவி எங்கள் வீட்டுப் பெண்கள் பொறுப்பில் இருக்கும்.

வரும் ஞாயிறு சுபுஹுக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், ஆண்கள் மறுபடி கூடுகிறோம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு செவிலியர் வருகிறார். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தச் சகோதரர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் அவருக்கு இப்போதைக்குச் சமதரையில் 20 நிமிட நடைதான் அனுமதித்திருக்கிறார். அவரோடு சேர்ந்து அவர் வேகத்தில் நடக்க நாலு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.